அரிசி இருக்கட்டும், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா?

கேள்வி: டாக்டர், நாங்கள் அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நாஷுவாவுக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறோம். பாப்பாவுக்குப் பத்து மாதம், மகனுக்கு நாலு வயது. பாப்பா ஏழாம் மாதமே தாய்ப்பாலை மறந்துவிட்டாள். இப்போது ஃபார்முலா பால்தான். காலையும் மாலையும் ரைஸ் சீரியல், மதியம் பருப்புச் சாதம், நடுவில் கையில் பிடித்துத் தின்ன ரைஸ் பஃப்ஸ். மகனுக்கு இட்லி, தோசை, சாதம் இல்லாமல் ஒரு நாளும் போகாது. ஆப்பிள் ஜூஸ் என்றால் உயிர். அரிசியில் ஆர்சனிக் இருக்கிறது என்று போன வாரம் ஒரு தோழி சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சத்து என்று நினைத்துப் பிரவுன் ரைஸுக்கு மாறினேன். அது இன்னும் மோசம் என்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரோ, "தலைமுறை தலைமுறையா சோறு தின்னுதானே வளர்ந்தோம்" என்கிறார். அரிசியை அடியோடு நிறுத்திவிடவா? இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? நல்லவேளையாக, ஆறு மாதம் முன்பு வாங்கிய இந்த வீட்டில் சொந்தக் கிணறு இருக்கிறது. தண்ணீராவது மருந்து வாடையில்லாமல் ருசியாகக் கிடைக்கிறது.

பெயர் வேண்டாம், நியூ ஹாம்ப்ஷயர்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசி இரண்டு வரிகள். ரைஸ் சீரியலுக்கும் பிரவுன் ரைஸுக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கேள்வி. அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஆர்சனிக் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தீர்களா?

உங்கள் வீட்டுக் கிணறு நம் ஊர்க் கிணறு மாதிரி இருக்காது. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பாறையைத் துளைத்து இறக்கிய ஆழ்குழாய்தான். நியூ ஹாம்ப்ஷயரின் அடிப்பாறையிலேயே ஆர்சனிக் கலந்திருக்கிறது. எந்த ஆலையும் கழிவைக் கொட்ட வேண்டியதில்லை, தண்ணீர் பாறை இடுக்குகளில் தங்கியிருந்தாலே கரைந்து வந்துவிடும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, அந்த மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் பாறையில் தோண்டிய தனியார் கிணறுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 10 என்பது உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு. அமெரிக்காவின் தேசிய வரம்பும் அதுவே. நியூ ஹாம்ப்ஷயர் 2021-ல் தன் வரம்பை 5 ஆகக் குறைத்துக்கொண்டது. ஆனால் இந்த வரம்பெல்லாம் ஊருக்குக் குழாயில் வரும் தண்ணீருக்குத்தான். சொந்தக் கிணற்றை எந்த அதிகாரியும் வந்து பார்க்கமாட்டார். வீடு வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் ஆர்சனிக் பற்றி ஒரு பத்தி இருந்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள், நானும் படித்திருக்கமாட்டேன்.

ருசி நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். ஆர்சனிக்குக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. நம் பழைய வைத்திய நூல்களில் வரும் வெள்ளைப் பாஷாணம் இதன் ஒரு சேர்மம்தான். அந்தக் காலத்தில் விஷம் வைப்பவர்கள் அதை விரும்பியதும் ருசி காட்டிக்கொடுக்காது என்பதால்தான்.

சரி, ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் குழந்தைகளுக்கான ரைஸ் சீரியலுக்கு ஓர் அளவு வைத்தது: கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் கனிம ஆர்சனிக் (பாறையிலும் மண்ணிலும் இருந்து வருகிற, கெடுதல் அதிகமான வகை). நம் கணக்கில் சொன்னால் கோடியில் ஒரு பங்கு. ஒரு வேளைக்குப் பதினைந்து கிராம் சீரியல் என்றால் உள்ளே போவது 1.5 மைக்ரோகிராம். இரண்டு வேளைக்கு 3. இப்போது பாலைப் பாருங்கள். பாப்பா ஒரு நாளைக்கு 700 மில்லி ஃபார்முலா குடிக்கிறாள், உங்கள் கிணற்றில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிலிருந்து மட்டும் 7. கிணற்றில் 30 இருந்தால் 21. பருப்பு வேகிற தண்ணீரும் சோறு வேகிற தண்ணீரும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. நீங்கள் சீரியல் டப்பாவைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள், பெரிய பங்கு குழாய் வழியாக வந்துகொண்டிருக்கலாம்.

இது வெறும் மனக்கணக்கு இல்லை. உங்கள் மாநிலத்துக் குழந்தைகளை வைத்தே டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் 2015-ல் வெளியிட்டதில், ஆறு வாரக் குழந்தைகளில் ஃபார்முலா மட்டும் குடித்தவர்களின் சிறுநீரில் ஆர்சனிக், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது. தாய் குடிக்கும் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தாலும் தாய்ப்பாலுக்குள் அது மிகக் குறைவாகவே இறங்குகிறது. ஃபார்முலாவில் அந்தக் காவல் இல்லை. (தாய்ப்பால் நின்றதற்காக உங்களை நொந்துகொள்ள இதை எழுதவில்லை. ஃபார்முலா நல்ல உணவு. அதைக் கரைக்கும் தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.)

பக்கத்து மாநிலமான மெயினில் 272 பள்ளிக் குழந்தைகளைப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. வீட்டுக் கிணற்றில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்த குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண், அதற்குக் கீழே இருந்தவர்களைவிட ஐந்தாறு புள்ளி குறைவாக இருந்தது. ஒரே ஓர் ஆய்வு, ஒரே நேரத்தில் எடுத்த அளவு. அதை வைத்து உங்கள் மகனின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. ஆனால் பங்களாதேஷில் இதைவிட அதிக ஆர்சனிக் உள்ள கிணறுகளில் கண்டதும் இதே திசையில்தான் இருக்கிறது. கனிம ஆர்சனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது பல ஆண்டுகளாகவே உறுதியான விஷயம். அதெல்லாம் நீண்டகாலம் தொடர்ந்து உடம்பில் சேர்வதால் வருவது. ஆறு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் நாளைக்கே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நாளைக்கே சோதனைக்குக் கொடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பாட்டில் வாங்கி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து அனுப்புங்கள். பெரிய செலவில்லை. முடிவு வரும்வரை ஃபார்முலா கரைக்கவும், குடிக்கவும், சமைக்கவும் கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர் போதும். குளிக்க, துணி துவைக்கக் கிணற்றுத் தண்ணீரே இருக்கட்டும். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அது இன்னும் அடர்த்தியாகும். குளிர்பெட்டியில் வைக்கிற கரி வடிகட்டி ஜாடியும் இதற்குப் பயன்படாது. அளவு கூடுதலாக வந்தால் சமையலறைக் குழாய்க்கு ஆர்.ஓ. போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் செய்வது. போட்ட பிறகு வடிகட்டிய தண்ணீரை மறுபடி ஒருமுறை சோதித்துவிடுங்கள். தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக்கின் ஒரு வடிவத்தை ஆர்.ஓ. அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை.

இப்போது அரிசி. உங்கள் தோழி சொன்னது உண்மைதான். கோதுமை, ஓட்ஸ், கேழ்வரகு எல்லாம் காய்ந்த மண்ணில் விளைகின்றன. நெல் மட்டும் தண்ணீருக்குள் நிற்கிறது. வயலில் தண்ணீர் தேங்கினால் மண்ணில் காற்று போய்விடும்; காற்று இருக்கும்வரை மண்ணிலுள்ள இரும்புத் துரு பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் அப்போது விடுபட்டுத் தண்ணீரில் கரையும். நெல்லுக்குச் சிலிக்கான் நிறைய வேண்டும், தாளும் உமியும் விறைப்பாக நிற்பது அதனால்தான். வேரில் சிலிக்கானை உள்ளே விட என்றே வாசல்கள் வைத்திருக்கிறது. கரைந்த ஆர்சனிக் வடிவத்தில் சிலிக்கான் மாதிரியே இருப்பதால் அதே வாசலில் ஆள்மாறாட்டம் செய்து நுழைந்துவிடுகிறது. ஜப்பானின் ஒக்கயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியன் ஃபெங் மா குழுவினர் 2008-ல் இதைக் காட்டினார்கள். நம் விவசாயிகள் சொல்லும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில் வயலை நடுநடுவே காயவிட்டால் அரிசியில் ஆர்சனிக் குறைகிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்க வந்த முறை இதற்கும் உதவுகிறது. ஆனால் ரொம்பக் காயவிட்டால் காட்மியம் என்கிற இன்னொரு நச்சு உலோகம் கூடிவிடும், அது வேறு கதை.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இன்னொரு சுமையும் சேர்ந்துகொண்டது. ஒருகாலத்தில் பருத்திக்கு ஆர்சனிக் கலந்த பூச்சிமருந்தை அள்ளி அடித்த நிலங்களில் பின்னால் நெல் போட்டார்கள். அதனால் அங்கே விளையும் அரிசியைவிடக் கலிஃபோர்னியா அரிசியிலும், இந்திய, பாகிஸ்தான் பாஸ்மதியிலும் சராசரியாகக் குறைவு. பிரவுன் ரைஸ் விஷயத்திலும் தோழி சரி. ஆர்சனிக் பெரும்பாலும் தவிட்டில்தான் தங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வெள்ளை அரிசிக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தவிடு நீக்காததற்கும் புழுங்கல் அரிசிக்கும் 0.25, குழந்தை உணவுக்கென்று வாங்கும் அரிசிக்கு 0.10. 'ஆர்கானிக்' என்று அட்டையில் போட்டிருப்பதால் ஒன்றும் மாறாது. மண்ணில் இருப்பது எந்த அரிசிக்கும் ஏறும்.

உங்கள் மாமியார் சொல்வதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் வீட்டில் சோறு எப்படி வெந்தது? நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். அம்மா அரிசியை மூன்று தண்ணீர் களைந்து, உலையில் கொதிக்கும் நிறையத் தண்ணீரில் போட்டு, பதம் பார்த்து, சிப்பல் தட்டை வைத்துப் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடிப்பார். ஆர்சனிக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அரிசிக்குள் இருக்கும் ஆர்சனிக்கை வெளியேற்ற இது நல்ல சமையல் முறை. 2006-ல் வந்த ஓர் இந்திய ஆய்வில், ஆர்சனிக் குறைந்த தண்ணீரில் அரிசியைக் களைந்து, ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால் 57 சதவீதம் வரை போய்விட்டது. ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீரில் வடித்தால் 40 முதல் 60 சதவீதம் போகும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சொல்கிறது. குக்கரில் அளந்து ஊற்றிய தண்ணீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது, எதுவும் வெளியே போக வழியில்லை. நாம்தான் குக்கருக்கு மாறினோம். மாமியார் உங்களோடு இருக்கும் நாட்களில் வடிக்கிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இதில் இரண்டு நுணுக்கம் இருக்கிறது. ஒன்று, வெளியே போகும் ஆர்சனிக் எங்கே போகிறது? வடித்த கஞ்சியில். 'தெம்பா இருக்கும்' என்று அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுப் பாப்பாவுக்குப் புகட்டினால் கழித்ததையே திரும்பக் கொடுக்கிறோம். இன்னொன்று, கிணற்றுத் தண்ணீரே கெட்டிருந்தால் இந்த முறை திருப்பி அடிக்கும். வேகும் அரிசி தண்ணீரிலிருக்கும் ஆர்சனிக்கை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கிணற்றை முதலில் கேட்டேன். வடித்தால் சத்தும் போய்விடாதா என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கடைகளில் இரும்பும் வைட்டமினும் மேலே சேர்த்த வெள்ளை அரிசி என்றால் அதில் ஒரு பகுதி போகும். இந்தியக் கடைகளில் வாங்கும் பாஸ்மதியில் அப்படிச் சேர்ப்பது குறைவு, அதனால் இழக்கவும் அதிகம் இல்லை.

பாப்பாவின் தட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வரிசையாகப் பாருங்கள்: சீரியல், சாதம், பஃப்ஸ், மறுபடி சீரியல். வேளை நாலு, பொருள் ஒன்று. அவள் எடை எட்டொன்பது கிலோ இருக்கும். அந்த எடைக்குப் பார்த்தால் பெரியவர்களைவிட அவள் நிறையச் சாப்பிடுகிறாள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உடல் எடைக் கணக்கில் பெரியவர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆர்சனிக் உணவு வழியாகப் போகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-லேயே சொன்னது. நியூ ஹாம்ப்ஷயர்க் குழந்தைகளை வைத்து 2016-ல் வந்த ஆய்வில், ரைஸ் சீரியல் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் இருந்த ஆர்சனிக், அரிசியே சாப்பிடாதவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

நான் நிறுத்தச் சொல்வது ரைஸ் சீரியலையும் பஃப்ஸையும். மதியச் சோற்றை நிறுத்த வேண்டாம். ஒரு காலத்தில் நானே ஆறு மாதம் ஆனதும் 'ரைஸ் சீரியலில் ஆரம்பியுங்கள்' என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் சேர்த்திருக்கும் இரும்புக்காகத்தான். இந்த வயதில் ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும், அது சின்ன அளவில்லை. அதே இரும்பு சேர்த்த ஓட்ஸ் சீரியலும் பார்லி சீரியலும் பக்கத்து அலமாரியிலேயே இருக்கின்றன. 'மல்டிகிரெய்ன்' என்றால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள், பல சமயம் முதல் பொருள் அரிசிமாவுதான். சில தின்பண்டங்களில் சர்க்கரைக்குப் பதில் பிரவுன் ரைஸ் சிரப் போடுகிறார்கள். அதுவும் அரிசியே. மாலையில் முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் கொடுங்கள், மாமியார் சந்தோஷப்படுவார். பருப்பும் கீரையும் இருக்கட்டும். உடம்பு ஆர்சனிக்கை மாற்றிச் சிறுநீரில் வெளியே தள்ள ஃபோலேட் என்கிற பி வகை வைட்டமின் வேண்டும், அது இரண்டிலும் இருக்கிறது. பங்களாதேஷில் ஃபோலேட் குறைவாக இருந்த பெரியவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ரத்தத்தில் ஆர்சனிக் இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள்.

மகனிடமிருந்து இட்லியைப் பிடுங்க வேண்டாம். இட்லியில் உளுந்தும் பங்கு போடுகிறது, அரிசி ஊறிய தண்ணீரையும் கொட்டிவிடுகிறோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோதுமை தோசை, ராகி தோசை, சப்பாத்தி, ரவை உப்புமா என்று மாற்றினால் போதும். பிரவுன் ரைஸை நிறுத்திவிட்டு வெள்ளைப் பாஸ்மதிக்கு வாருங்கள். நார்ச்சத்து வேறு எதில் வேண்டுமானாலும் கிடைக்கும். ரைஸ் மில்க் மட்டும் வீட்டுக்குள் வரவேண்டாம். பிரிட்டனில் ஐந்து வயதுவரை அதைக் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். ஸ்வீடன் ஆறு வயதுவரை ரைஸ் கேக்கும் வேண்டாம் என்கிறது. ஆப்பிள் ஜூஸுக்கு 2023-ல் அமெரிக்காவில் குடிநீரின் அதே 10 மைக்ரோகிராம் அளவு வந்துவிட்டது. எனக்கு ஆர்சனிக்கைவிட அதன் சர்க்கரைதான் கவலை. ஒரு நாளைக்குச் சின்ன டம்ளரில் ஒன்று, மிச்சத்துக்கு ஆப்பிளையே நறுக்கிக் கொடுங்கள்.

ரத்தப் பரிசோதனை இப்போது வேண்டாம். ஆர்சனிக் ரத்தத்தில் கொஞ்ச நேரமே தங்கும். பார்ப்பதாக இருந்தால் சிறுநீரில்தான் பார்க்க வேண்டும், அதுவும் கடந்த இரண்டு மூன்று நாள் கதையைத்தான் சொல்லும். முந்தைய நாள் மீன் குழம்பு சாப்பிட்டிருந்தால் எண் எகிறி உங்களைக் கலங்கடிக்கும். மீனிலும் இறாலிலும் இருப்பது பெரும்பாலும் கரிம ஆர்சனிக். அது உடம்பில் பெரிதாக ஒன்றும் செய்யாமல் வெளியே போய்விடும். சாதாரணச் சோதனை இரண்டையும் சேர்த்தே எண்ணிவிடும். கிணற்று முடிவு மோசமாக வந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் அதைக் காட்டி, கனிமத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் சிறுநீர்ச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். ஐந்து நாள் மீன் தவிர்த்த பிறகு எடுக்கட்டும். தலைமுடிச் சோதனை, 'நச்சு நீக்கும்' சொட்டு மருந்து என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் பெட்டியில் குழந்தைக்கு என்று ஏதாவது மாத்திரை, செந்தூரம், பொடி இருக்கும். 2004-ல் வந்த ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஆர்சனிக் மட்டும் ஆறில். வசம்பு, ஜாதிக்காய் உரசுவதைப் பற்றி நான் பேசவில்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத டப்பாவைப் பற்றிப் பேசுகிறேன். மாமியார் மனம் நோகாமல் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வகத் தாள் வந்ததும் அலகைப் பார்த்துப் படியுங்கள். சில இடங்களில் மைக்ரோகிராமில் தருவார்கள், சில இடங்களில் லிட்டருக்கு மில்லிகிராமில். 0.012 என்று பார்த்து 'சுழியத்துக்குப் பக்கம்தானே' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள், அது 12. உங்கள் மாநில வரம்பு அந்தக் கணக்கில் 0.005. எண் எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். அதுவரை பாப்பாவின் பாலுக்குப் பாட்டில் தண்ணீர்.